கந்தோரில் தெரிந்த நெருப்பு

அந்த நெருப்பை நான் முதலில் பச்சை இலக்கங்களாகத்தான் கண்டேன். கறுப்புத் திரை, பச்சை இலக்கங்கள், மூலையில் துடித்துக்கொண்டேயிருக்கும் ஒரு சிறு கோடு. எனக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு முற்றம், இரண்டு வேம்பு, ஒரு சைக்கிள் கொட்டகை, பனங்குற்றிகளில் தொங்கித் தொங்கிப் போன சாம்பல் நிறக் கம்பி ஒன்று. கம்பியின் அந்தப் பக்கம் மணல் உருகிக் கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான் மேசையில் முழங்கையை ஊன்றி, உருகுவதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அச்சுவேலிக்கு அப்பால், செம்மண் தோட்டங்கள் முடிந்து நிலம் வெளிறத் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னப் போத்தல் ஆலை. சோடாப் போத்தல், மருந்துப் போத்தல், இடைக்கிடை ஊறுகாய்ப் போத்தல். மணல் லொறியில் வரும். லொறி வராத நாட்களில் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. ஹெலி ஏதும் தெரிகிறதா என்று வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குவித்து வைத்த மணலில் கை வைப்பார்கள். எதற்கும் நிற்காதது உலை ஒன்றுதான். கண்ணாடி உலையை வீட்டு அடுப்பைப் போல அணைத்து மூட்ட முடியாது. சூடு குறைந்தால் உள்ளே உருகி நிற்பது இறுகி, உலையையே உடைத்து எடுக்க வேண்டியதாகிவிடும். சூடு கூடினால் மேற்கூரைக் கல் உருகி உள்ளே சொட்டும். இந்த இரண்டு அழிவுகளுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய வரப்பு. அந்த வரப்பில் இரவும் பகலும் யாராவது நடந்துகொண்டிருக்க வேண்டும்.

நடந்தவர்கள் கொன்ட்ரோல் றூம்காரர். நான் கந்தோர்க்காரி, அலுவலக மேசையில் இருப்பவள். கொழும்பில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்து, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் படிப்பையும் பெட்டியையும் விட்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவள். இறங்கி ஒன்றரை வருடம் வீட்டு விறாந்தையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். என் கால்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தபோது, அதன் திரையில் தெரிவதைக் கந்தோரிலுள்ள கொம்பியூட்டரிலும் பார்க்கலாம் என்று ஒரு வசதியும் சேர்ந்து வந்தது. கம்பி இழுத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தார்கள். தற்காலிகம். திரை இருக்கும்வரை நான் இருப்பேன். திரையைக் கழற்றினால் நான் மறுபடி விறாந்தைக்கு.

பார்க்கலாம், தொட முடியாது. அதுதான் அந்தக் கம்பியின் சட்டம். உலைக்கூரையின் சூடு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு போகிறது, புகைக்கூட்டில் சூடு எவ்வளவு. எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றையும் மாற்ற எனக்குக் கை இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைப் போல அந்தத் திரையில் ஒட்டிக்கிடந்தேன். ஆனாலும் பாருங்கள், அந்த இலக்கங்கள் மூச்சு விட்டன. போத்தல் மெஷின் வேகமாக ஓடினால் கூரை கொஞ்சம் ஆறும், எண்ணெய் கொஞ்சம் ஏறும், புகைக்கூடு பிந்தி வந்து அதையே திருப்பிச் சொல்லும். ஒரு மாதத்தில் அது எனக்கு ஒரு வீட்டின் சத்தங்களைப்போலப் பழகிப்போயிற்று.

அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

இலக்கம் கொஞ்சம் விலகினாலும் தொலைபேசியில் சொல்ல வேண்டுமென்பது மனேச்சரின் உத்தரவு. சொல்வேன். அந்தப் பக்கத்தில் எடுப்பவர் பெரும்பாலும் வல்வெட்டித்துறையிலிருந்து சைக்கிளில் வருகிற அண்ணை. முப்பது வயதிருக்கும். கடற்கரை ஊர்க்காரர்; உலையைப்பற்றித் தோணியைப்போலப் பேசுவார்.

"அண்ணை, எண்ணெய் கொஞ்சம் கூடிட்டுது போல."

"ஓம் தங்கச்சி. இஞ்சை நாங்களும் முகத்திலை ரெண்டு கண்ணோடைதான் பிறந்தனாங்கள்."

இரண்டு மாதத்தில் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொலைபேசியின் ரிசீவரைக் கழற்றி மேசையில் படுக்க வளர்த்திவிடுவது. எனக்கு இந்தப் பக்கம் 'எங்கேஜ்' சத்தம் மட்டும் வரும். பிறகு எனக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. 'உளவு' என்ற சொல்லோடு சேர்ந்த பெயர். அந்த நாட்களில் ஆளையே கொல்லக்கூடிய சொல் அது, பகிடிக்கும் சொல்லக்கூடாது. சொன்னவர்களுக்கே அது தெரிந்து, இரண்டு நாளில் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். ஆனால் கோபத்தை விடவில்லை. உலைக்குப் பொறுப்பான பெரியண்ணை, நெற்றி நிறைய விபூதியும் முன்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்புமாக இருப்பவர், நாலுபேரைக் கூட்டிக்கொண்டு மனேச்சரிடம் வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் குனிந்து தட்டெழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"சேர், வேலையிலை பிழையெண்டால் நேரிலை வந்து ஏசுங்கோ. கேக்கிறம். உந்தப் பெட்டி எங்கடை முதுகிலை ஏறி இருக்குது. உதைக் கழட்டுங்கோ. இல்லாட்டில் நாங்கள் ஓவர்டைம் நிக்கமாட்டம்."

மனேச்சர் எதையும் உடனே சொல்லாதவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஆயுத பூசை வருகுது. பூசை முடியட்டும். அண்டைக்குப் பின்னேரம் முடிவு சொல்லுறன்" என்றார். வெளியே போகும்போது வல்வெட்டித்துறை அண்ணை என் மேசையருகே நின்று, "தங்கச்சி, உங்களோடை எங்களுக்குக் கோவமில்லை" என்றார். அது எனக்கு இன்னும் கூடுதலாக வலித்தது.

பூசை நாள். காலையிலேயே முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மெஷின் மண்டபத்தில் வாழை கட்டியிருந்தார்கள். போத்தல் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அன்று ஓய்வு. உலை மட்டும் எரிந்துகொண்டிருந்தது; அதற்கு எந்தத் தெய்வமும் லீவு கொடுக்க முடியாது. பெரியண்ணை சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக ஆலை முழுவதும் சுற்றிவந்தார். மெஷினுக்கு, கொம்பிறஷருக்கு, ஜெனறேற்றருக்கு, அலவாங்குக்கு, தராசுக்கு, மனேச்சரின் சைக்கிளுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கந்தோருக்கும் வந்தார்.

"பிள்ளை, நீர் வேதக்காரப் பிள்ளை. உம்மடை பெட்டிக்கு வைக்கலாமோ?"

நாங்கள் மெதடிஸ்த குடும்பம். பாட்டுப்புத்தகமும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையுமாக வளர்ந்தவள் நான். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்த மரியாதை எனக்குத் தெரிந்தது. "வையுங்கோ அண்ணை" என்றேன்.

அவருக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு நின்ற வல்வெட்டித்துறை அண்ணை, "கழட்டப் போற பெட்டிக்கு ஏன் அண்ணை சந்தனத்தை விரயமாக்கிறியள்?" என்றார்.

பெரியண்ணை அவரை முறைத்துவிட்டு, கொம்பியூட்டரின் பக்கவாட்டில் ஒரு பொட்டை வைத்துவிட்டுப் போனார்.

மண்டபத்தில் ஒலிநாடாவில் நாதஸ்வரம் தொடங்கியது. யன்னலால் பார்த்தேன். மனேச்சரிலிருந்து காவலாளிவரை மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவல், கடலை, சர்க்கரைப் பொங்கல் வாசனை வந்தது. எல்லாரும் அங்கே, எனக்கு மட்டும் போக ஒரு முறையில்லை, போகாமலிருக்க ஒரு வேலை இருந்தது. பின்னேரம் இந்தத் திரை இருக்குமோ என்று தெரியாது. அதனால் கடைசியாக ஒருமுறை வடிவாகப் பார்ப்போமென்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கூரைச் சூடு கீழே போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சமாக அல்ல. படியிறங்குவதுபோல. மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள், கண்ணாடி வெளியே போகவில்லை, அப்படியென்றால் சூடு ஏறத்தானே வேண்டும்? இது இறங்குகிறது. எண்ணெயைப் பார்த்தேன்: ஏறிக்கொண்டிருந்தது. உலை தன்பாட்டில் ஓடும்படி 'ஓட்டோ'வில் விடப்பட்டிருந்தது. கூரை ஆறினால் தானே எண்ணெயைக் கூட்டிக்கொள்ளும். அது சரி. புகைக்கூட்டைப் பார்த்தேன். அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமான பிந்தலோடு, நிதானமாக, பொய் சொல்லத் தெரியாதவர்களின் நிதானத்தோடு.

எனக்குப் பழகின அந்த வீட்டில் ஒரு சத்தம் பிழையாகக் கேட்டது. எண்ணெய் கூட எரிகிறது, புகை கூடச் சூடாகிறது, கூரை மட்டும் ஆறுகிறதாம். அப்படி இருக்க ஏலாது. கூரை ஆறவில்லை, கூரையைப் பார்க்கிற ஏதோ ஒன்றுக்குத்தான் பார்வை குறைகிறது. அதை நம்பி உலை இன்னும் இன்னும் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

தொலைபேசியை எடுத்தேன். எங்கேஜ். மேசையில் வளர்த்தியிருக்கிறார்கள். வேறு என்ன.

முற்றத்துக்கு ஓடினேன். மண்டபத்தில் தீபம் காட்டுகிற நேரம். மனேச்சர் முன்வரிசையில் கண் மூடி நின்றார். அவரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்துவதற்குள் கல் உருகிவிடும். நான் பிழையென்றால் பின்னேர முடிவுக்கு யாரும் யோசிக்கவே தேவையில்லை. பூசையைக் குழப்பின வேதக்காரி என்று அச்சுவேலிச் சந்தைவரை கதை போகும். ஒரு மூச்சு நேரம் வேம்புக்குக் கீழ் நின்றேன். பிறகு நேரே உலைக் கட்டடத்துக்கு ஓடினேன். கம்பி போட்ட அன்றைக்கு மட்டும் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன்.

கொன்ட்ரோல் றூம் வாசலில் வல்வெட்டித்துறை அண்ணை, மண்டபம் இருந்த திசையில் கைகூப்பி நின்றார். காவலுக்கு விடப்பட்டவர் அவர். உடம்பு இங்கே, பூசை அங்கே.

"என்ன தங்கச்சி, பெட்டிக்குள்ளாலை பாத்தது காணாதெண்டு நடந்தும் வந்திட்டியளோ?"

"அண்ணை, உலை ஓட்டோவிலை கிடக்கு. கைக்கு மாத்துங்கோ. எண்ணெய்யைக் குறையுங்கோ."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "குறைக்கிறதோ? விசரே உங்களுக்கு? கூரை ஆறிக்கொண்டு போகுது. இப்ப எண்ணெய்யைக் குறைச்சால் உள்ளுக்கை கட்டிபட்டுப் போம். பேந்து அலவாங்கோடை நிண்டு உலை உடைக்கிறதுதான் எங்களுக்கு வேலை."

"ஆறேல்லை அண்ணை. புகைக்கூட்டைப் பாருங்கோ. உலை ஆறினால் புகை எப்பிடிச் சூடாகும்?"

அவர் பார்த்தார். உதட்டைக் கடித்தார். "கந்தோரிலை இருந்துகொண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதுதான் ஓடி வந்தனான். நீங்கள் நெருப்பைப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் ஆறுது எண்டால் நான் பேசாமல் போறன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அதுவரை என்னை ஒரு குரலாக, ஒரு பெட்டியாகத்தான் பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆணியில் தொங்கிய நீலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினார். உலையை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. சிறு துவாரத்தைத் திறந்து அந்த நீலக் கண்ணாடியால்தான் பார்ப்பார்கள். மேலிருந்து அவருடைய சத்தம், தோணியில் பாறை கண்டவனின் சத்தம்:

"வேர்க்குது! எட, கூரை வேர்க்குது!"

கல்லின் மேல்தோல் உருகப் பார்க்கையில் வருகிற மினுக்கம் அது. இன்னும் சொட்டத் தொடங்கவில்லை. நாலு படியை ஒன்றாகத் தாவி இறங்கி, ஓட்டோவிலிருந்து கைக்கு மாற்றி, எண்ணெயை மெல்ல மெல்லத் திருகினார். ஒரேயடியாகக் குறைத்தாலும் கல் வெடிக்கும். அவர் திருக, நான் புகைக்கூட்டின் இலக்கத்தை உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன். "நிண்டிட்டுது அண்ணை... நிக்குது... ஒண்டு குறைஞ்சிட்டுது." அப்படி எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. நாதஸ்வரம் ஓய்ந்து, சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

பிறகுதான் இருவருமாகக் கண்ணைத் தேடிப் போனோம். உலைச் சுவரிலிருந்து கொஞ்சம் விலகி, ஒரு குழாய் முனையில் நின்று, துவாரத்தால் உள்ளே பார்த்துச் சூட்டை அளக்கிற கண்ணாடிக் கருவி. 'கண்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதன் நடுவில், வட்டம் பிசகாமல், சூட்டில் காய்ந்து இறுகின ஒரு சந்தனப் பொட்டு. அதற்குள் ஒரு குங்குமப் புள்ளி.

நான் கைலேஞ்சியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"பொறுங்கோ! பொறுங்கோ தங்கச்சி! நல்ல நாளிலை பொட்டழிக்கிறதோ?"

"அழிக்காட்டில் அதுக்குக் கண் தெரியாது அண்ணை."

"அது தெரியும். எண்டாலும்..." அவர் குரலைத் தணித்தார். "நீங்கள் அழிச்சதெண்டு ஆரும் கண்டால் கதை வேறை மாதிரிப் போம். எனக்காகச் சொல்லேல்லை."

எனக்காகத்தான் சொன்னார். அது விளங்கியதும் என் கை தானாக இறங்கிவிட்டது. உருகப் பார்த்த உலைக்குப் பக்கத்தில், வியர்வை ஒழுக, ஒரு பொட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டுபேரும் செய்வதறியாமல் நின்றோம்.

அந்த நேரத்தில் பெரியண்ணை பிரசாதத் தட்டோடு படியேறி வந்தார். எங்களைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வல்வெட்டித்துறை அண்ணை நடந்ததைச் சொல்லச் சொல்ல, தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"எட கடவுளே. நெத்தியெண்டு நினைச்சுக் கண்ணிலையெல்லே குத்திப்போட்டன்."

"ஏன் அண்ணை, வீட்டிலையும் இப்பிடித்தானோ? அக்கான்ரை கண் பத்திரம்."

"வாயை மூடடா. நீ வாசலிலை நிண்டு கப்பல் பாத்தனியோ?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. பயம் உடைந்து வருகிற சிரிப்பு, அடக்க முடியாது. பெரியண்ணை தட்டிலிருந்த கிண்ணத்துத் தீர்த்தத்தில் துணியை நனைத்து, குழந்தைக்குப் பீளை துடைப்பதுபோல அந்தப் பொட்டைத் தானே துடைத்தெடுத்தார். பிறகு சந்தனம் எடுத்து, மேலேயிருந்த இரும்புத் தகட்டில் புதிதாக ஒன்றை வைத்தார். கீழே திரையில் இலக்கம் குதித்து மேலே ஏறியது.

அந்தக் குதிப்பைக் கந்தோருக்குத் திரும்பியிருந்த மனேச்சரும் கண்டுவிட்டார். பாதி கட்டின சால்வையோடு ஓடிவந்தார். "என்ன நடந்தது? திரையிலை இலக்கம் குத்தெனப் பாயுது! நீர் ஏன் இஞ்சை நிக்கிறீர்?"

"பிழை என்ரை சேர்" என்று பெரியண்ணை முன்னால் வந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "பின்னேரம் முடிவு சொல்லுறனெண்டனீங்கள். நாங்கள் முந்திச் சொல்லுறம். பெட்டி கிடக்கட்டும்" என்றார்.

ஆனால் அவர்கள் முடிக்கவில்லை.

"கிடக்கட்டும், ஆனால் சும்மா கிடக்கேலாது" என்றார் வல்வெட்டித்துறை அண்ணை. "எங்களைப் பாக்கிறவ நெருப்பையும் பாத்திருக்கவேணும். கிழமையிலை ரெண்டு நாள் இஞ்சை வந்து நிக்கட்டும். நீலக் கண்ணாடி பிடிச்சுப் பழகட்டும். அண்டைக்கு எங்களிலை ஒராள் கந்தோரிலை போயிருந்து பெட்டியைப் பாக்கட்டும்."

"காத்தாடிக்குக் கீழை" என்றார் பெரியண்ணை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மனேச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அது நல்ல யோசனைதான் என்றார். என்னை நிரந்தரமாக்குவதைப்பற்றியும் பேசலாம் என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். வேம்பைப் பார்த்துக்கொண்டு, "ஆனால் இந்தப் பக்கத்திலை பொம்பிளையளுக்கு... வசதியொண்டும் இல்லையே" என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உண்மைதான். ஆண்கள் மட்டுமே வேலை செய்வார்களென்று நினைத்துக் கட்டின கட்டடம். என் நிரந்தர வேலை, என் நெருப்பு, எல்லாம் வந்து ஒரு கக்கூஸின் வாசலில் நின்றன.

"கட்டினால் போச்சு" என்றார் வல்வெட்டித்துறை அண்ணை.

கல்? ஊரில் கல்லுக்கு அப்போது பஞ்சம். குண்டுவீச்சுக்குப் பயந்து ஆளாளுக்கு வீட்டுப் பின்கோடிக்குள் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெந்து கண்ணில் காணக் கிடையாது. ஆனால் உலையைக் கடைசியாகத் திருத்தியபோது கழற்றின பழைய நெருப்புக் கல் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. வெளியார் பங்கருக்கென்று எத்தனைமுறை வந்து கேட்டும் பெரியண்ணை ஒரு கல்லும் கொடுத்ததில்லை. உலைக்கு எப்போதாவது தேவைப்படும் என்பார். அந்தக் கல்லைத் தானே தூக்கித் தந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நின்று, ஷிஃப்ட் ஷிஃப்டாகக் கட்டினார்கள். உலை கட்டுகிறவர்கள் அல்லவா, வேறு மாதிரிக் கட்டத் தெரியாது. சுவர் இரட்டைத் தடிப்பு. மேலே வளைந்த கூரை, வேர்க்கவே வேர்க்காத கூரை. கதவுக்கு மட்டும் பனம்பலகை.

"தங்கச்சி, உள்ளுக்கை ஆயிரத்து ஐந்நூறு பாகை வந்தாலும் தாங்கும்" என்று கதவுத் திறப்பைக் கையில் தந்தார் வல்வெட்டித்துறை அண்ணை. "அதுக்குமேலை சாப்பாட்டிலை உறைப்பைக் குறையுங்கோ."

அடுத்த திங்கட்கிழமை காலை, கந்தோரில் என் கதிரையில் பெரியண்ணை காற்றாடிக்குக் கீழ் காலை நீட்டிக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தார். நான் முற்றத்தைத் தாண்டிப் போய்ப் படியேறி நின்றேன். துவாரத்தை வல்வெட்டித்துறை அண்ணை திறந்தார். நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன்.

இலக்கம் ஒன்றும் இல்லை அங்கே. ஊதா நிறத்தில் ஒரு குளம். குளத்தின் மேல் சுவாலைகள் படுத்துக்கொண்டு ஓடின, நெல்வயலில் காற்று ஓடுவதுபோல. மணல் துகள்கள் மிதந்து மிதந்து போய், ஓரிடத்தில் மணலாயிருப்பதை விட்டுவிட்டன. முகம் பொரிந்தது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"என்ன தெரியுது தங்கச்சி?"

"பொறுங்கோ அண்ணை" என்றேன். "இன்னும் கொஞ்சம் பாத்திட்டுச் சொல்லுறன்."